கண்ணு பட்ட கம்ப்யூட்டர்

"எரியப் போகுது பாருங்க, கடையோட சேத்து!"

எதிர்க் கடை திருமுருகன் இப்படித்தான் சொன்னார். அதுவும் மெதுவாகவா? தன் ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டு, டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.

தமிழ்நிலா காதில் வாங்காதவள் போல, கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்து ஃபேனில் அப்பியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரத்தநாட்டில் கல்யாண வீடியோ என்றால் திருமுருகன்தான். தமிழ்நிலா நேற்றைக்குக் கடை போட்டவள். இருப்பதே ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆனால் முதல் ஆர்டரே பெரிய இடம். முருகையன் வீட்டுக் கல்யாணம். திருமுருகனுக்குப் போகவேண்டியது, இவளுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை மாப்பிள்ளையும் பெண்ணும் சிங்கப்பூர் கிளம்புகிறார்கள். அதற்குள் வீடியோ கைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் இன்னொரு கல்யாணம் அவள் கடைப் படி ஏறாது.

எடிட்டிங் எல்லாம் முடிந்தாயிற்று. அதை முழுப் படமாக்கி வெளியே எடுக்க இந்தக் கம்ப்யூட்டரை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அதனால்தான் ப்ராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்கிறாள். ஓவர்கிளாக்கிங்.

"கிழட்டு மாட்டை விரட்டுனா படுத்துக்கும், தமிழு!"

"விரட்டலண்ணே. ஒரு படி ஏத்துவேன், முழு வேலை குடுத்துப் பாப்பேன், சூடு தாங்குச்சுன்னாத்தான் அடுத்த படி. எண்பது டிகிரியத் தாண்டுனா நானே இறக்கிருவேன்."

"சொல்றதச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே, ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி, பெரிய ஃபேனாக மாட்டினாள்.

காலை முழுக்க ஜம்மென்று ஓடியது. படிப்படியாக வேகத்தை ஏற்றினாள். சூடு எண்பதை நெருங்கவே இல்லை. இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் திருமுருகன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டுடியோவைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் தமிழ்நிலாவின் பேட்டரி செத்த பழைய யுபிஎஸ் கீச்சென்று கத்தியது. கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கத்தல், அதே இருட்டு. அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு திருமுருகன் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"சூடு தாண்டிருச்சா?"

"இல்லண்ணே, எழுபதுலதான் நின்னுச்சு."

அவர் யுபிஎஸ்ஸையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்ப நின்னுச்சு?"

"நீங்க வந்து கடையத் தொறந்தீங்கல்ல, அப்பத்தான்! உங்க கண்ணுதாண்ணே. கொள்ளிக்கண்ணு!"

கோபத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தமிழ்நிலா விடுவாளா? சாயங்காலமே ஒரு படிகாரக் கட்டியை வாங்கி, கறுப்புக் கயிற்றில் கட்டி, கடை வாசலில் சரியாக எதிர்க் கடையைப் பார்க்கத் தொங்கவிட்டாள்.

மறுநாள் அதே வேகம், அதே சோதனை. காலையும் ஓடியது, மத்தியானமும் ஓடியது. யுபிஎஸ் மூச்சு விடவில்லை. தைரியமாகக் கல்யாண வீடியோவைப் போட்டாள். முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு என்று வரிசையாக வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானமே முழுப் படமும் ரெடி.

முருகையன் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தார். தாலி கட்டுகிற இடம் வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பங்காளி வீட்டுல ஆவணியில ஒரு கல்யாணம் இருக்கும்மா. அதையும் நீதான் எடுக்குற."

தமிழ்நிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தக் கையால் செய்தது! கடையே எரியும் என்று சொன்னபோதும், பார்த்துப் பார்த்துச் செய்தது! இதை ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. செல்போனை எடுத்துக்கொண்டு நேரே எதிர்க் கடைக்குப் போனாள்.

ஸ்டுடியோ உள்ளே வெந்துகொண்டிருந்தது. திருமுருகன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, ஆல்பம் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்க வந்த பெண்ணுக்குப் போட்ட பவுடரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. "என்னங்க இது, அடுப்புக்குள்ள உக்கார வச்ச மாதிரி" என்று அவள் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

இவ்வளவு சம்பாதித்தும் கரண்டு பில்லுக்குக் கணக்குப் பார்க்கிற கஞ்சத்தனம் போகுதா பார் என்று நினைத்துக்கொண்டாள் தமிழ்நிலா.

"பாருங்கண்ணே. கடைசி வரைக்கும் எழுபத்தஞ்ச தாண்டல. எதுவும் எரியல!"

திருமுருகன் செல்போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ம். பேஸ்ட்டு நல்லாத்தான் தடவியிருக்க."

"வேலை மொத்தமும் முடிஞ்சு, வீடியோவக் குடுத்தாச்சு. படிகாரம் கட்டுனேன்ல, உங்க கண்ணு பலிக்கல!"

அவர் சிரித்துக்கொண்டே செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

உள் அறையிலிருந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி ஓடிவந்தார் அவர் மனைவி சந்திரலேகா.

"முடிஞ்சுருச்சாம்மா? அப்பாடா, நீ நல்லா இருப்ப! ஏங்க, இனிமேயாவது ஏசியப் போடலாங்களா? நாம போட்டா இந்தப் புள்ள கடையில வோல்டேஜ் இறங்கி கம்ப்யூட்டர் நின்னுடுதுன்னு, அன்னையிலேருந்து சுவிட்சையே தொட விடலையே நீங்க!"