வள்ளித்தாய் கேட்ட மன்னிப்பு

"விட்டுருங்க. போறவன் போகட்டும்."

"எப்படி விடச் சொல்ற? கண்ணாடிய ஒடைச்சிட்டுப் போறான்!"

முத்துப்பாண்டி ஆக்சிலேட்டரை ஏறி மிதித்தான். மதுரையில் காலண்டர் லோடை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். கள்ளிக்குடி தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் இடப்பக்கமாகப் புகுந்து, பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டு முன்னால் பறந்தது.

முத்துப்பாண்டிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் சாமி வந்த மாதிரிதான். போன வருஷம் ரோட்டில் ஒருவனை அடித்துக் கேஸாகி, லைசென்ஸ் தப்பியதே தம்பிரான் புண்ணியம்.

வள்ளித்தாயும் லேசுப்பட்டவள் இல்லை. புருஷன் ஒரு வார்த்தை திட்டினால் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவாள். லோடு வண்டியிலேயே மீனாட்சியைக் கும்பிட்டு வரலாம் என்று ஆசையாகக் கிளம்பி வந்தவள், திருமங்கலத்தில் டீ குடித்துவிட்டு ஏறியதிலிருந்து ஏனோ பூனையாக உட்கார்ந்திருந்தாள்.

கார்க்காரன் சும்மா போகவில்லை. வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினான்.

"யோவ், உனக்கு எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?"

முத்துப்பாண்டி சீட்டுக்கடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவினான். அவன் காலைக் கீழே வைப்பதற்குள் வள்ளித்தாய் இறங்கி ஓடி, நடுரோட்டில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, தப்பு எங்க பேர்லதான். மன்னிச்சிருங்கய்யா. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், போயிருங்க."

அம்மா வயசுப் பொம்பளை கும்பிட்டதும் அவன் கூசிப்போய்க் காரில் ஏறிவிட்டான்.

"ஏ புள்ள, கிறுக்கா ஒனக்கு? தப்புப் பண்ணது அவன், கும்பிடுறது நீயா? என் மானத்த வாங்கிட்டயே!"

"இன்னைக்கு ஒருநா எனக்காகப் பொறுத்துக்கங்க. மெதுவாப் போங்க."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தன் முரட்டுத்தனத்துக்குத்தான் அழுகிறாள் என்று முத்துப்பாண்டி நினைத்தான். பாவமாக இருந்தது. கம்பியைச் சீட்டுக்கடியில் போட்டான். அதற்கப்புறம் ஹாரன் அடித்த பஸ், லாரி, டூவீலர் எல்லாவற்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டான்.

"இப்படி ஊர்ந்தா எப்பப் போய்ச் சேர? ஊர்க்காவலன் கம்பெனி விட்டு வந்துருவான். பய பசி பொறுக்க மாட்டான்."

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ஒரே மகன் ஊர்க்காவலன்.

வள்ளித்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாம போய்ச் சேந்தாப் போதும். மெதுவாவே போங்க."

திருத்தங்கல் போய், சிவகாசி போய், ஊருக்குத் திரும்பும் நாரணாபுரம் விலக்கு வந்தது.

"இங்கன நிப்பாட்டுங்க."

"வீடு அங்கன கெடக்கு. இங்கன எதுக்கு?"

"நிப்பாட்டுங்க. சாவியக் குடுங்க."

"சரி தாயி, இன்னைக்கு ஒன் ராஜ்ஜியம்!" சிரித்துக்கொண்டே வண்டியை அணைத்துச் சாவியைக் கொடுத்தான்.

அதை முந்தானையில் முடிந்து இறுக்கிய பிறகுதான் வள்ளித்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள்.

"நம்ம புள்ள போயிட்டானே! மருந்து ரூம் வெடிச்சிருச்சுன்னு திருமங்கலத்துலயே போன் வந்துருச்சுங்க... ஒங்களையாவது உசுரோட வீடு சேக்கணும்னுதான் வாயத் தொறக்கல!"