தலைக்கறி

ஞாயிற்றுக்கிழமை தெருவே சேர்ந்து ஓர் ஆட்டை அறுத்துக் கூறு போட்டுக்கொண்டது. நம் சாப்பாட்டால் பூமிக்கு என்ன கேடு என்று ஆராயும் பெண்ணிடம், சாப்பிட்டதைச் சொல்வதாக எல்லா வீடும் பேர் கொடுத்திருந்தது. மறுநாள் அவள் வந்து, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். கறிதான் பெரிய கேடு என்று முன்பே சொல்லியிருந்தாளே! கூசிப்போய் எல்லோரும் "ரசம்தான்" என்றார்கள். பவுனம்மாள் மட்டும் உள்ளதைச் சொன்னாள்: "என் கூறுக்குத் தலை வந்துச்சு. தலைக்கறி." அந்தி மங்கும்போது அந்த ஆடு தெருவில் நடந்து வந்தது. ரசம் என்று சொன்ன வீடுகளின் கூறெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது; கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. நேராகப் பவுனம்மாள் வீட்டுக்கு வந்து, வாசல் நிலையில் கழுத்தை உரசியது. "அக்கா, நீயும் ரசம்னு சொல்லிடு!" என்று எதிர்வீட்டுக் காந்திமதி கதவிடுக்கிலிருந்து கத்தினாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள் பவுனம்மாள். "ம்மே" என்று வந்தது. குரல் கேட்டதும் ஆடு படியேறியது.