ஃபர்லோவில் போனவர்

"இன்னிக்கும் வந்து உட்கார்ந்திருக்காரு அதிதி!"

மூன்றாம் மாடி ஜன்னலோரம் நின்று கதிர் போனில் கிசுகிசுத்தான். கேட்டி நகரைக் காலையில் மூடியிருந்த பனி அப்போதுதான் விலகியிருந்தது. கீழே பார்க்கிங் லாட்டில் அதே சாம்பல் நிற கார். இன்ஜின் ஆஃப். உள்ளே அவன் டீம் சீனியர் அரியரட்ணம், ஆடாமல் அசையாமல்.

"அவருக்குத்தான் வேலை போயிடுச்சே?"

"போகல. ஃபர்லோ. மூணு மாசம் சம்பளமில்லாத கட்டாய லீவு. வேலை பேருக்கு இருக்கும், ஆனா ஆபீஸ் மெயிலைக்கூடத் தொடக் கூடாது."

"நமக்கும் அது வந்தா?"

"விசால இருக்கறவனுக்கு ஏது ஃபர்லோ? சம்பளம் நின்னா விசா போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மறுமுனையில் அவன் மனைவி. அவளுக்கு ஏழாம் மாதம்.

கதிர் மெல்ல எட்டிப் பார்த்தான். காருக்குள்ளிருந்த முகம் நிமிர்ந்தது. சரியாக இவன் ஜன்னலையே பார்த்தது. சிரித்தது.

கதிர் சட்டென்று பின்வாங்கினான்.

"எட்டு நாளா இப்படியே. காலைல வந்தா அஞ்சு மணிக்குத்தான் போறாரு."

"ஐயோ, எனக்கு பயமா இருக்குங்க! இந்த ஊர்ல யார்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு எவன் கண்டான்? செக்யூரிட்டிகிட்ட சொல்லுங்க!"

சொன்னான். தன் பேர் மட்டும் வெளியே வரக் கூடாது என்று கெஞ்சினான்.

பத்தே நிமிஷம். ரெண்டு தடியர்கள் கார் கண்ணாடியைத் தட்டினார்கள். அரியரட்ணம் இறங்கினார். சாப்பாட்டு டப்பாவைக் காட்டி ஏதோ சொன்னார். பார்க்கிங் அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். போகும்போது மேலே பார்த்துக் கையசைத்தார்.

அப்பாடா!

திரும்பினால் மேனேஜர் ஜெயபிரகாஷ்.

"பாவம்ப்பா. வீட்ல இன்னும் சொல்லலையாம். காலைல கிளம்பி வேற எங்க போறதுன்னு தெரியலையாம். எவனோ புண்ணியவான் போட்டுக் கொடுத்துட்டான்."

கதிர் பேச்சை மாற்றினான். "சீனியர் அவரு. அவரைப் போயி ஏன் சார் அனுப்பினீங்க?"

"நான் எங்க அனுப்பினேன்? ஒரு ஆளைக் குறைக்கச் சொன்னாங்க, உன் பேரை எழுதினேன். அவர்தான் வந்து நின்னாரு. 'பெடியன் விசாவிலை நிக்கிறான், மனுசி பிள்ளைத்தாச்சி. நான் இந்த நாட்டுச் சிட்டிசன், என்னை ஃபர்லோவிலை விடுங்கோ. வெளிக்கிடு எண்டு ஒரு நாடு சொன்னால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்'னாரு."