ஒன்பதாம் நம்பர்

எண்பத்து மூவாயிரத்து அறுநூறு. என் தம்பி எனக்குத் தர வேண்டியது அவ்வளவு.

அதை ஒரு காக்கிக் கவரில் போட்டுக்கொண்டு நட்டநடுப் பகலில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லவேளை, வீட்ல இருக்கே. லீவாண்ணே?"

தலையாட்டினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனாள்.

தம்பிக்குக் கம்ப்யூட்டரில் வேலை. கம்பெனி வேலை இல்லை. சரக்குக் கணக்குப் பார்க்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதோடு ஒட்டவைக்கிற இணைப்புகளை இவன் எழுதுவான். இருக்கிற வீட்டுக்குச் சாய்ப்பு இறக்குகிற மாதிரி. அதையும் சும்மாதான் கொடுப்பான். எவனாவது, எனக்கு இன்னது மட்டும் தனியாகச் செய்து கொடு என்று கேட்டால்தான் காசு.

நாலு வருடத்தில் அப்படிக் கேட்டவர்கள் குறைவு. தானம் வாங்கின மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம். அது ஓடவில்லை, இது ஓடவில்லை என்று திட்டி எழுதுவார்கள். அதையும் உட்கார்ந்து சரிசெய்வான். வாடகைக்கு என்னிடம் வருவான்.

"ஊருக்கெல்லாம் இலவசம், அண்ணனுக்குக் கடன்" என்பாள் என் மனைவி.

மூட்டை தூக்கின காசு. இருந்தும் கொடுத்தேன். எங்கள் வீட்டில் படித்தவன் அவன் ஒருவன்தான்.

போன வருடம் ஒருநாள் அவன் அறைக்குப் போயிருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது வேலைக்குப் போகப்போகிறேன் என்றான். குரல் சரியில்லை. அவன் மனதை மாற்ற எங்கள் கிடங்குக் கதையைச் சொன்னேன்.

நாங்கள் ஒன்பது பேர். மூட்டையோடு வாசலைத் தாண்டும்போது அவரவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் கோடு போடுவார். ஆளுக்கு நூற்றிருபது மூட்டை போட்டால்தான் அன்றைய கூலி.

"எங்கள்ல ஒருத்தனுக்குத் தோள் போயிடுச்சுடா. உள்ள அடுக்குறதோட சரி, தூக்க முடியாது. மத்த எட்டுப் பேரும் ஆளுக்குப் பதினஞ்சு மூட்டைய அவன் நம்பர்ல சொல்லிடுவோம். வெளிய மூச்சு விட்டுடாத."

தம்பி கம்ப்யூட்டரை மூடிவைத்தான்.

"உங்க கூட்டம் மாதிரி எனக்கு ஒரு கூட்டம் இல்லையேண்ணே" என்றான்.

ஆறு மாதம் கழித்துக் கிடங்கு வாசலில் ஒரு செல்போனை மாட்டினார்கள். நம்பர் சொல்லத் தேவையில்லை. முகத்தைப் பார்த்து அதுவே கோடு போட்டுக்கொள்ளும்.

ஒரே வாரம். எட்டுப் பேர் நூற்று முப்பத்தைந்து தூக்குகிறார்கள் என்று தெரிந்துபோனது. அதே கூலிக்கு நூற்று முப்பத்தைந்து என்று ஆக்கினார்கள். ஒன்பதாவது ஆள் எதற்கு என்றார்கள்.

அந்தச் செல்போனில் ஓடினது தம்பி எழுதின இணைப்பு. அதில் கடைசியாக நன்றி என்று ஒரு வரி. சும்மா கொடுக்கிற புரோகிராம்களில் அது ஒரு மரியாதையாம், உதவினவர்களை எழுதிவைப்பது. கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். 'கிடங்கு வேலையின் நெளிவுசுளிவுகளைச் சொல்லித்தந்த என் அண்ணனுக்கு.' பக்கத்தில் என் பெயர்.

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவனும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்கள்.

தம்பி கவரைப் பிரித்தான்.

"உங்க முதலாளிகிட்ட நானே போய்ப் பேசினேண்ணே, இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு. அவர் காசு குடுத்தாரு, செஞ்சேன். அப்புறம் வழக்கம்போல எல்லாருக்கும் சும்மா விட்டுட்டேன். இப்ப முந்நூறு கிடங்குல ஓடுது. தினம் ஒருத்தன் கூப்பிட்டு வேலை குடுக்குறான்."

"நீயே எண்ணுடா" என்றேன்.

எண்ணினான். பாதியில் நிறுத்தி, நிமிராமலே கேட்டான்.

"அந்தத் தோள் போன ஆளு என்னண்ணே ஆனாரு?"

"நிறுத்திட்டாங்க."

"பாவம்தான். எனக்கு வர்றது வெறும் நம்பர்ண்ணே. முகமெல்லாம் கிடங்குலயே நின்னுடும். ஒன்பதாம் நம்பர் ஒரு தடவைகூட வாசலைத் தாண்டல, அது மட்டும் தெரிஞ்சுது." டீயை ஊதினான். "ஆனா கணக்குன்னா கணக்குதானே."

அடுப்படியில் ஏதோ ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது.

எண்ணி முடித்துப் பணத்தை என் பக்கம் நகர்த்தினான். கூடவே ஒரு கணக்கு நோட்டு. வாங்கின தேதியெல்லாம் அவன் கையெழுத்தில் வரிசையாக இருந்தது.

"தீந்துச்சுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடு. இப்பதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டியே, இன்னும் என்ன கைநாட்டு."

'பைசல்' என்று எழுதினேன். அதன் கீழே என் பெயர். கிடங்குச் சம்பளத் தாளில் போட்டுப் போட்டுப் பழகின கை, பெயருக்குப் பக்கத்தில் நம்பரையும் போட்டது.

ஒன்பது.

தோள் போனது எனக்குத்தான் என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் வாடகைக்கு என்னிடம் வந்திருக்க மாட்டான்.

நோட்டை அவன் பக்கம் தள்ளினேன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறேனா என்று பார்க்கக் குனிந்தான்.