எட்மண்ட் வீட்டு ரேடியோ

"இன்னா பால்ராசு, இது நாயமா? புருசனப் பொதச்சு பத்து நாளு ஆவல. அதுக்குள்ள ரேடியோவுல பாட்டு கேக்குது அந்தப் பொம்பள!"

ஷிப்ட் முடிந்து வந்த பால்ராஜின் சைக்கிளைத் தெருமுனையிலேயே மறித்துக்கொண்டாள் அங்கம்மா.

"யாரச் சொல்றக்கா?"

"வேற யாரு? உங்க எட்மண்ட் அண்ணன் சம்சாரம்தான். நாலு நாளா வெளக்கு வச்சா போதும், அந்த ஊட்ல ரேடியோ. ஒரு நிமிசம் சினிமாப் பாட்டு, ஒரு நிமிசம் இந்தி, அப்பால ஒரே கொர்ருன்னு சத்தம். எங்க மாமியா செத்தப்ப பதினாறு நாளு இந்தத் தெருவுல ஒரு ரேடியோ பாடல. எட்மண்டு அண்ணன்தான் மொதல்ல மூடி வச்சாரு. அந்த மனுசனுக்கா இந்தக் கதி?"

பால்ராஜுக்குச் சுருக்கென்றது.

எட்மண்ட் அவனுக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபுட்பால் ஆடுகிற அத்தனை பேருக்கும் அவர் அண்ணன். லண்டன் ஸ்டேஷன் எடுக்கிற பெரிய ரேடியோ அந்தக் காலனியில் அவர் வீட்டில் மட்டும்தான் உண்டு. மேட்ச் நடக்கும்போது வெள்ளைக்காரன் மூச்சு விடாமல் கத்துவதை அவர் தமிழில் சொல்லச் சொல்ல, மொத்தக் கோஷ்டியும் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் விமான விபத்தில் பாதி டீமைப் பறிகொடுத்த இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைட்டெட், இந்த அறுபத்தெட்டில்தான் ஒருவழியாக ஐரோப்பியக் கோப்பை ஃபைனலுக்கு வந்திருந்தது. எதிரே போர்ச்சுகல்காரர்களின் பென்ஃபிகா. வருகிற புதன்கிழமை மேட்ச்.

"நம்ம ஊருக்கு நடுராத்திரி ஆயிடும். ஆனா ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் நம்ம ஊட்டுக்கு வந்துடணும்" என்று ஆசை ஆசையாகக் கூப்பிட்டார் எட்மண்ட். கூப்பிட்ட இரண்டாம் நாள் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கல்லறையிலிருந்து திரும்பும்போதே கோஷ்டி முடிவெடுத்தது. "அண்ணன் இல்லாம நமக்கு எதுக்குடா கப்பு? இந்த வருசம் ஃபைனல் கேக்கறதே கெடையாது" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னவன் பால்ராஜ்தான். சொல்லிவிட்டு அழவும் செய்தான்.

அப்புறம் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தான். முடியவில்லை. ஆவடியில் தங்கவேல் புது ரேடியோ வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு நேரே போய், "புதன்கெழம வரேன் மச்சான், நம்ம பசங்க காதுல மட்டும் போட்டுடாத" என்று ஏற்பாடு செய்துவிட்டு வந்தான். வெளியே தெரிந்தால்தானே வெட்கம்!

"நீ போயி ஒரு வார்த்த சொல்லு, பால்ராசு. நாங்க சொன்னா பொல்லாப்பு" என்றாள் அங்கம்மா.

"சொல்லாம? இப்பவே போறேன்."

எட்மண்ட் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு டூயட் பாட்டு திடீரென்று கிளம்பி, பாதியில் அறுந்தது. பால்ராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் படம். அதன் முன்னால் மெழுகுவர்த்தி. அதற்கு நேர் எதிரே, ரேடியோவில் காதை ஒட்டவைத்தபடி உட்கார்ந்திருந்தாள் தெரசா.

"வா தம்பி. வேலையிலிருந்து நேரா வரியா? காப்பி போடட்டா?"

"அதெல்லாம் வேணாம் அண்ணி. தப்பா நெனச்சுக்காதீங்க. முப்பதாம் நாள் பூசகூட ஆவல. தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க."

"இன்னான்னு?"

"நீங்க பாட்டு கேக்கறீங்கன்னு."

தெரசாவின் முகம் சுண்டிப்போனது. சத்தத்தைக் குறைத்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

"பாட்டா? அது நடுவுல வந்து தொலைக்குது தம்பி. முள்ளைத் திருப்புனா சிலோன்காரன் பாடறான். கொஞ்சம் தள்ளுனா எவனோ இந்தியில பேசறான்."

"அப்ப எதுக்கு அதப் போட்டுகினு கீறீங்க? அண்ணனுக்காக நாங்கல்லாம் ஃபைனலே வேணாம்னு உட்டுட்டோம், தெரியுமா?"

சொல்லும்போது பால்ராஜின் குரல் கம்மியது. அந்த நிமிஷத்துக்கு அவனே அதை நம்பிவிட்டான்.

தெரசா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயையோ, வேணாம்னு உட்டுட்டீங்களா? எதுக்கு தம்பி?"

"பின்ன இன்னா அண்ணி..."

"இத்தினி வருசத்துல நான் இந்த ரேடியோவத் தொட்டதேயில்ல. அவரு தொட உடமாட்டாரு. டிங் டாங்னு மணியடிச்சா அதான் லண்டன்னு சொல்லுவாரு, அவ்ளோதான் தெரியும். அத வச்சுத்தான் தெனம் சாயங்காலம் தேடிகினு கீறேன். நேத்து ஒருவாட்டி மாட்டிச்சு. கைய எடுத்ததும் எங்கியோ போயிடுச்சு."

"உங்களுக்கு எதுக்கண்ணி லண்டன்?"

"எனக்கு எதுக்கு? நான் இங்கிலீசக் கண்டனா? உங்க எல்லாரையும் வரச் சொல்லிட்டுப் போயிட்டாரே தம்பி அவரு. புதன்கெழம நீங்க வந்து ஒக்காந்தப்பறம் எனக்கு ஸ்டேசன் புடிக்கத் தெரியலன்னா, பாவம், நீங்கல்லாம் வேற எங்க போவீங்க?"