கேமராவிடம் இருந்த அக்கா

அன்புக்குரியவரின் படத்தைப் பத்திரமாக வைத்திருப்பவரே, அவரைப் பத்திரமாகக் காத்தீரா?

காட்டு மரத்தில் கட்டப்பட்டிருந்த கேமரா, அந்தி வெளிச்சத்தில் முயலைக் கண்டதும் மனம் உருகியது. "தம்பி, உன் அக்கா இங்கே நின்று காது சொறிந்த மாலைகள் எத்தனை இனியவை! அவளது படங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன."

"கடைசிப் படம்?"

"கண்ணியில் சிக்கியபோது எடுத்தது. மிகத் தெளிவாக விழுந்தது. வேட்டைக்காரன் இன்றும் அதே தடத்தில் கண்ணி வைத்தான், அதையும் படம் எடுத்துவிட்டேன்."

முயல் தடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அக்காவின் குட்டி அத்தடத்தில்தான் துள்ளி வந்துகொண்டிருந்தது.

"சற்றுப் பொறு, அருகே வரட்டும். முகம் அழகாக விழும்" என்றது கேமரா.

"அண்ணா, ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை, எனக்கு உரக்கக் கூவவும் தெரியாது. உன் விளக்கு மின்னினால் குட்டி மிரண்டு திரும்பிவிடும். அக்காவின் படங்களை நாளை பார்ப்போம். இன்று, இந்த நொடியே, விளக்கைப் போடு!"