நடு சீட்டு

முன் சீட்டில் தேவநாதன். அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் மனைவி பாஞ்சாலி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அக்கா கெங்கம்மாள். இரண்டு பேருக்கும் நடுவில், தோளைக் குறுக்கிக்கொண்டு தேவநாதனின் மகள் கலைமதி.

ஸ்டியரிங்கில் மாசிலாமணி. வண்டி திண்டிவனத்து வாடகை வண்டி, ஆட்கள் பெருமுக்கல்காரர்கள். அவனுக்கு இன்றைக்குத்தான் பழக்கம்.

"டைவரு, லாக்கு போட்டுட்டியா?" கெங்கம்மாள் மறுபடியும் கேட்டாள்.

"போட்டாச்சும்மா. உள்ளேருந்து தொறக்கவே முடியாது."

கண்ணாடியில் பார்த்தான். கலைமதி துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவளுடைய போன் பாஞ்சாலியின் இடுப்பில் செருகியிருந்தது.

"பீச்சுக்குப் போறோம், மூஞ்சப் பாரு. கொஞ்சம் சிரிச்சாதான் இன்னாவாம்?" என்றாள் பாஞ்சாலி. "வீட்லயே அடஞ்சி கெடக்குறாளேன்னு கூட்டிக்கினு வந்தா…"

"போனக் குடும்மா. ஒரே ஒரு நிமிசம்."

"எதுக்கு? அவன இங்க வரச் சொல்றதுக்கா?" பட்டென்று கேட்டாள் கெங்கம்மாள்.

மரக்காணம் வருவதற்கு முன்பே ஒரு அம்மன் கோயிலில் கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தேவநாதன் இறங்கிப் போய் வாங்கிவந்து, ஆளுக்கொரு டம்ளராக ஜன்னல் வழியாகவே நீட்டினார். கதவைத் திறக்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் கறுப்பு ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பைக்கில் பின்னாலேயே வந்தான். மாசிலாமணி வேகம் குறைத்தால் அவனும் குறைத்தான்.

"தம்பி, பின்னால பாரு. வந்துட்டான்," என்றாள் கெங்கம்மாள். "அவன் புத்தி எனக்குத் தெரியாதா?"

"நீ கம்முனு வாக்கா. நான் பேசிக்கிறேன்," என்றார் தேவநாதன்.

"நீ இன்னாத்தப் பேசுவ? கிட்ட வரட்டும், கால ஒடிச்சி அடுப்புல வெக்கிறேன்."

கலைமதி திரும்பிப் பார்க்கப் போனாள். அம்மாவும் அத்தையும் இரண்டு பக்கத்திலிருந்தும் தோளால் நெருக்கி அவளை முன்னால் பார்க்க வைத்தார்கள்.

ஆசைப்பட்டவனோடு சேரவிடாமல் பெண்ணைப் பூட்டிவைத்த கதை, எங்கோ தனியாகக் கூட்டிப்போன கதை என்று பேப்பரில் படித்ததெல்லாம் மாசிலாமணியின் கண்முன் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

பொம்மையார்பாளையத்தில் படகு நிழலில் ஜமுக்காளம் விரித்தார்கள். தூக்கைத் திறந்ததும் புளிச்சோற்று வாசனை தூக்கியது. அங்கேயும் கலைமதிக்கு நடு இடம்தான். அவள் கால் நனைக்கப் போனால், கெங்கம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே அலையில் இறங்கினாள்.

பைக்கில் வந்தவன் தூரத்தில் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். வாங்கிய ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது. அவன் கண் இங்கேயே இருந்தது.

"தல வலிக்குது அத்த. வண்டில போய்ப் படுத்துக்கறேன்," என்றாள் கலைமதி.

"போ. டைவரு, கூடவே போய் லாக்கு போட்டுக்கோ. அவன் கிட்ட வந்தான்னா ஹாரன் அடி."

வண்டியில் ஏறியதும் கலைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, பேப்பர் பேனா இருக்கா?"

டிரிப் ஷீட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான். முட்டிமேல் வைத்து மடமடவென்று எழுதி நாலாக மடித்தாள். ஒட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மடிப்பின்மேல் ஒட்டினாள்.

"ஐஸ் வண்டிகிட்ட நிக்கிறாரே, அவருகிட்ட குடுத்துடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். என்னால ஒரு வார்த்த பேச முடியல."

மாட்டினால் முதலாளி காதுக்குப் போகும், வேலை போகும். கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். கதவை வேண்டுமென்றே பூட்டாமல் விட்டான்.

"லாக்கு போடலம்மா. ஓடறதா இருந்தா ஓடிடு," என்றான் தாழ்ந்த குரலில்.

"ஓடறதா? எங்கண்ணே?" அவள் முழித்தாள்.

பாவம், பயத்தில் ஒன்றுமே ஓடவில்லை பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டு மணலில் நடந்தான். பாதி வழியில் எதிரே வந்து நின்றாள் கெங்கம்மாள்.

"பையில இன்னாப்பா துருத்திக்கினு இருக்குது? எடு."

எடுத்தான். பயம் போய் அந்த இடத்தில் கோபம் வந்திருந்தது. "ஆமாம்மா, லெட்டருதான். நீங்க இன்னா சொன்னாலும் குடுக்கத்தான் போறேன். ஒரு பொண்ண இப்பிடிப் பூட்டி வெச்சி இன்னா சாதிக்கப் போறீங்க? மனசுக்குப் புடிச்சவனோட வாழட்டுமே. அவங்க ரெண்டு பேரும் சேர்றதுல உங்களுக்கு இன்னா வந்தது?"

கெங்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். கிழித்துக் கடலில் போடப்போகிறாள் என்று அவன் பல்லைக் கடித்தான்.

காற்றில் ஒரு ஓரம் பெயர்ந்திருந்த பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். கடிதத்தைத் திரும்ப அவன் கையிலேயே திணித்தாள்.

"கொண்டுபோய்க் குடு. அப்பிடியே, ஆடி முடியற வரைக்கும் பொண்டாட்டி பின்னாடி சுத்தாதடான்னு எம் புள்ளகிட்ட சொல்லு."